இசைத்தொகுப்புகளில் பட்டைக் குறியீடு

இசைத்தொகுப்புகளில் பட்டைக் குறியீடு (பார்கோடு) என்பது விற்பனைக்கு வரும் இசைத்தட்டு, ஒலிநாடா, இறுவட்டு ஆகியவற்றின் உறையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக அச்சிடப்படும் அடையாள எண் ஆகும். கோடுகள் வருடி (ஸ்கேனர்) எனப்படும் கருவி படிப்பதற்கும், கோடுகளின் கீழுள்ள இலக்கங்கள் மனிதர் படிப்பதற்கும் உரியன. இரண்டும் ஒரே எண்ணையே தெரிவிக்கின்றன. மின்வழியாக மட்டும் வெளியாகும் தொகுப்புகளுக்குக் கோடுகள் அச்சிடப்படுவதில்லை எனினும் எண் மட்டும் வழங்கப்படுகிறது.

பட்டைக் குறியீடு ஒரு விற்பனைப் பொருளின் அடையாளமே அன்றி, அதனுள் அடங்கிய இசையின் அடையாளம் அன்று. பல கலைஞர்களின் பாடல்களையோ, ஒரு குழு பல காலங்களில் பதிவு செய்த பாடல்களையோ ஓரிடத்தில் திரட்டித் தரும் திரட்டுத் தொகுப்புகளில் இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படும். ராக், மெட்டல் இசைகளில் இத்தகைய திரட்டுகள் மிகுதியாக வெளிவருவதால், அடையாள எண்களின் பயனையும் எல்லையையும் விளக்க அவை ஏற்ற எடுத்துக்காட்டுகளாக உள்ளன.

தோற்றம்

பட்டைக் குறியீட்டின் அடிப்படைக் கருத்தை அமெரிக்காவைச் சேர்ந்த நார்மன் ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் ஆகிய இருவரும் உருவாக்கினர். தந்தி முறையில் பயன்பட்ட மோர்சு குறிகளின் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் கீழ்நோக்கி நீட்டினால் மெல்லிய, தடித்த கோடுகள் கிடைக்கும் என்பதே உட்லண்டின் எண்ணம். இதற்கான காப்புரிமை 1952இல் வழங்கப்பட்டது. ஆயினும் மலிவான ஒளிக்கதிர் வருடிகளும் கணினிகளும் வரும்வரை அது பரவலான பயன்பாட்டிற்கு வரவில்லை.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த யு.பி.சி. எனப்படும் 12 இலக்கக் குறியீட்டை அமெரிக்க மளிகை வணிகத் துறை 1973இல் ஏற்றுக்கொண்டது. 1974ஆம் ஆண்டு சூன் 26 அன்று ஓகியோ மாநிலத்தின் டிராய் நகரிலுள்ள மார்ஷ் பல்பொருள் அங்காடியில் ரிக்லி நிறுவனத்தின் சூயிங்கம் பொதி ஒன்று முதன்முதலாக இம்முறையில் வருடப்பட்டு விற்கப்பட்டது. 1977இல் ஐரோப்பிய நாடுகள் இதனை விரிவாக்கி இ.ஏ.என். எனும் 13 இலக்க முறையை ஏற்படுத்தின. இரு முறைகளையும் நிர்வகித்த அமைப்புகள் பின்னர் இணைந்து, 2005இல் ஜி.எஸ்.1 என்னும் பெயரைப் பெற்றன. 12 இலக்க எண்ணின் முன் ஒரு சுழியத்தைச் சேர்த்தால் அது 13 இலக்க எண்ணாகிவிடும். எனவே இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை.

எண்ணின் அமைப்பு

13 இலக்க எண்ணின் முதற்பகுதி எண்ணை வழங்கிய நாட்டு அமைப்பையும் எண்ணைப் பெற்ற நிறுவனத்தையும் சுட்டும். அடுத்த பகுதி அந்நிறுவனம் தன் பொருளுக்குத் தானே இட்டுக்கொள்ளும் எண்ணாகும். இறுதி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் எனப்படும். இந்தியாவில் வழங்கப்படும் எண்கள் 890 எனவும், இலங்கையில் வழங்கப்படுபவை 479 எனவும், சிங்கப்பூரில் 888 எனவும், மலேசியாவில் 955 எனவும் தொடங்கும்.

இசை நிறுவனங்கள் பட்டைக் குறியீட்டுக்கு முன்பிருந்தே தம் வெளியீடுகளுக்குப் பட்டியல் எண் இட்டு வந்தன. கிராமபோன் காலத்து இசைத்தட்டுகளின் நடுவிலுள்ள வட்டத் தாளில் பட்டியல் எண்ணும், தட்டின் உட்புற விளிம்பில் அச்சுப்பொறியின் எண்ணும் காணப்படும். முன்னது கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் பயன்பட்டது. பின்னது எந்த மூலப் பதிவிலிருந்து தட்டு வார்க்கப்பட்டது என்பதைத் தொழிற்சாலைக்குத் தெரிவித்தது. பட்டைக் குறியீடு வந்தபோது பல நிறுவனங்கள் தம் பழைய பட்டியல் எண்ணை அப்படியே அதனுள் அமைத்துக்கொண்டன.

மெட்டாலிக்கா குழுவினர் 1991 ஆகத்தில் குழுவின் பெயரையே தலைப்பாக இட்டு வெளியிட்ட தொகுப்பு இதற்கு எடுத்துக்காட்டாகும். இதன் அமெரிக்க இறுவட்டை எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்டது. அதன் பட்டைக் குறியீடு 075596111324. இதனை 0 - 7559 - 61113 - 2 - 4 எனப் பிரித்துப் பார்த்தால், நடுவிலுள்ள 61113 பட்டியல் எண் என்பது விளங்கும். அதையடுத்துள்ள 2 இறுவட்டு வடிவத்தைக் குறிக்கிறது. நீளிசைத்தட்டுக்கு 1, ஒலிநாடாவுக்கு 4 என அந்நாளைய பெரிய நிறுவனங்கள் வழங்கி வந்தன. ஆகவே அதே தொகுப்பின் ஒலிநாடாவில் 2க்குப் பதிலாக 4 இடம்பெறும். அதனால் சரிபார்ப்பு இலக்கமும் 4லிருந்து 8 ஆக மாறும்.

இத்தொகுப்பின் ஐரோப்பியப் பதிப்பை வெர்டிகோ என்னும் முத்திரைப் பெயரில் பாலிகிராம் குழுமம் வெளியிட்டது. அதன் இறுவட்டுக் குறியீடு 731451002229. பாடல்களும் அவற்றின் வரிசையும் ஒன்றே. ஆயினும் எண்கள் முற்றிலும் வேறு. விற்பவர் வேறாக இருப்பதே இதற்குக் காரணம்.

சரிபார்ப்பு இலக்கம்

வருடி தவறாகப் படித்தாலோ, பணியாளர் எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்தாலோ அதனைக் கண்டறிவதற்காக இறுதி இலக்கம் சேர்க்கப்படுகிறது. 12 இலக்க எண்ணில் அதனைக் கணிக்கும் முறை வருமாறு:

1. இடப்புறத்திலிருந்து 1, 3, 5, 7, 9, 11ஆம் இடங்களிலுள்ள இலக்கங்களைக் கூட்டி, வரும் தொகையை 3ஆல் பெருக்க வேண்டும்.
2. அதனுடன் 2, 4, 6, 8, 10ஆம் இடங்களிலுள்ள இலக்கங்களைக் கூட்ட வேண்டும்.
3. கிடைக்கும் தொகையை அடுத்த பத்தின் மடங்காக்கத் தேவைப்படும் எண்ணே சரிபார்ப்பு இலக்கமாகும்.

மேற்கூறிய 075596111324 என்னும் எண்ணில் ஒற்றை இடத்து இலக்கங்கள் 0, 5, 9, 1, 1, 2 ஆகும். அவற்றின் கூட்டுத்தொகை 18. மூன்றால் பெருக்கினால் 54. இரட்டை இடத்து இலக்கங்கள் 7, 5, 6, 1, 3, கூட்டுத்தொகை 22. மொத்தம் 76. அடுத்த பத்தின் மடங்கான 80ஐ எட்ட 4 தேவை. எனவே இறுதி இலக்கம் 4.

ஓர் இலக்கம் மட்டும் பிழையானால் இம்முறை அதனைத் தவறாமல் காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் காட்டிவிடும். ஆனால் அவ்விரு இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக இருந்தால் பிழை புலப்படாது. மேற்கண்ட எண்ணிலேயே 6, 1 ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. அவற்றை இடம் மாற்றி 075591611324 என எழுதினாலும் கணக்கு 86 ஆகி, இறுதி இலக்கம் 4 என்றே வரும். ஆகவே சரிபார்ப்பு இலக்கம் பொருந்துவது எண் பிழையற்றது என்பதற்கு வலுவான அறிகுறியே தவிர முழுமையான சான்று அன்று.

கோடுகளின் அமைப்பு

12 இலக்கக் குறியீடு சம அகலமுள்ள 95 அலகுகளாகப் பிரிக்கப்படுகிறது. இரு முனைகளிலும் மும்மூன்று அலகுகளும் நடுவில் ஐந்து அலகுகளும் எல்லைக் கோடுகளாக அமையும். எஞ்சிய 84 அலகுகளில் ஓர் இலக்கத்திற்கு ஏழு அலகுகள் வீதம் பன்னிரண்டு இலக்கங்கள் எழுதப்படுகின்றன. ஒவ்வோர் இலக்கமும் இரு கோடுகளாலும் இரு இடைவெளிகளாலும் ஆனது. இடப்பாதி இலக்கங்களும் வலப்பாதி இலக்கங்களும் வெவ்வேறு முறையில் எழுதப்படுவதால், உறையைத் தலைகீழாகப் பிடித்தாலும் வருடி சரியாகப் படித்துவிடும்.

13 இலக்கக் குறியீட்டிலும் அலகுகள் 95 மட்டுமே. முதல் இலக்கத்திற்கெனத் தனிக் கோடுகள் கிடையா. இடப்பாதியிலுள்ள ஆறு இலக்கங்களும் எழுதப்படும் முறையை மாற்றியமைப்பதன் வழியாகவே அது உணர்த்தப்படுகிறது.

வருடிகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகின்றன. சிவப்பு ஒளியில் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஒன்றுபோலத் தோன்றும். ஆகவே சிவப்பு நிறத்தில் அச்சிட்ட கோடுகளைக் கருவியால் பிரித்தறிய இயலாது. கரும்பின்னணியில் உறை அமைப்பது வழக்கமான மெட்டல் தொகுப்புகளிலும் பட்டைக் குறியீட்டுக்கு மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் ஒதுக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. வெள்ளைக் கோடுகளைக் கரும்பரப்பில் இட்டாலும் பெரும்பாலான கடைக் கருவிகள் படிப்பதில்லை.

மெட்டல் இசையும் 1991ஆம் ஆண்டு மாற்றமும்

அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வாரந்தோறும் வெளியிடும் விற்பனை வரிசைப் பட்டியல், 1991 வரை கடைக்காரர்கள் தெரிவித்த தகவலின் அடிப்படையில் அமைந்தது. எந்தத் தொகுப்பு நன்கு விற்கிறது என்று கடைப் பணியாளர் கூறும் மதிப்பீடே அன்றைய அளவுகோல். உண்மையில் விற்ற படிகளை எவரும் எண்ணவில்லை. இதனால் கடைக்காரரின் விருப்பு வெறுப்பும் நிறுவனங்களின் தூண்டுதலும் பட்டியலைப் பாதித்தன.

1991 மார்ச்சு மாதம் சவுண்ட்ஸ்கேன் என்னும் நிறுவனம், கடைகளின் கல்லாப் பொறிகளில் வருடப்படும் பட்டைக் குறியீடுகளை நேரடியாகத் திரட்டி எண்ணத் தொடங்கியது. அவ்வாண்டு மே 25 நாளிட்ட இதழிலிருந்து பில்போர்டு அவ்வெண்ணிக்கையை ஏற்றுக்கொண்டது. அதுவரை பின்தள்ளப்பட்டிருந்த நாட்டுப்புற இசை, ராப், மெட்டல் ஆகிய வகைகள் பட்டியலில் திடீரென உயர்ந்தன. அவற்றைக் கேட்போர் புதிதாகத் தோன்றியவர் அல்லர். முன்பு கணக்கில் வராதவர்கள். 1991 சூனில் ஸ்கிட் ரோ குழுவின் தொகுப்பு வெளிவந்தவுடனேயே முதலிடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு மெட்டாலிக்காவின் தொகுப்பும் முதலிடத்தில் நுழைந்தது. சவுண்ட்ஸ்கேன் கணக்கெடுப்புக் காலத்தில் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற தொகுப்பாகப் பின்னர் அதுவே விளங்கியது. அந்நிறுவனம் பலமுறை கைமாறி, 2022 முதல் லூமினேட் என்னும் பெயரில் இயங்குகிறது.

எண் இருந்தால் எண்ணப்படும், எண் இல்லாதது எண்ணிக்கையில் வராது என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை. இது பின்னர் இந்தியச் சூழலிலும் வேறு வகையில் வெளிப்பட்டது.

திரட்டுத் தொகுப்புகளும் மூவகை எண்களும்

ஒரு திரட்டில் இருபது பாடல்கள் இருந்தாலும் பட்டைக் குறியீடு ஒன்றே. இரண்டு இறுவட்டுகள் ஒரே பெட்டியில் விற்கப்பட்டாலும் பெட்டிக்கே எண் இடப்படும். ஆகவே பாடல்களைத் தனித்தனியே அறிய வேறு எண்கள் தேவைப்படுகின்றன. இசையுலகில் மூன்று நிலைகளில் எண்கள் வழங்கப்படுகின்றன.

* படைப்பு: சொல்லும் மெட்டும் சேர்ந்த பாடல். இதற்கு ஐ.எஸ்.டபிள்யு.சி. என்னும் எண் உண்டு. இதன் பன்னாட்டுத் தரம் 2001இல் வெளியிடப்பட்டது.
* ஒலிப்பதிவு: அப்பாடலை ஒருவர் ஒருமுறை பாடிப் பதிவு செய்த ஒலி. இதற்கு 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறி வழங்கப்படுகிறது. இதன் தரம் 1986இல் முதன்முதலில் வெளியாகி 2019இல் திருத்தப்பட்டது.
* வெளியீடு: அப்பதிவைத் தாங்கி விற்பனைக்கு வரும் பொருள். இதற்குரியதே பட்டைக் குறியீடு.

இங்கிலாந்தின் டயமண்ட் ஹெட் குழு 1980இல் வெளியிட்ட 'ஆம் ஐ ஈவில்?' என்னும் பாடலைக் கொண்டு இம்மூன்று நிலைகளையும் விளக்கலாம். இப்பாடலை மெட்டாலிக்கா குழு தானும் பாடி 1984இல் ஒரு சிறு வெளியீட்டின் மறுபக்கத்தில் சேர்த்தது. அதே பதிவு, அக்குழுவின் முதல் தொகுப்பினது 1988ஆம் ஆண்டு மறுபதிப்பில் கூடுதல் பாடலாக இடம்பெற்றது. பின்னர் 1998இல் வெளியான 'கராஜ் இங்க்' என்னும் இரட்டை இறுவட்டிலும் சேர்க்கப்பட்டது. அவ்விரட்டையின் முதல் வட்டில் புதிதாகப் பதிவு செய்த பாடல்களும், இரண்டாம் வட்டில் முன்பு வெவ்வேறிடங்களில் வெளிவந்த பாடல்களின் திரட்டும் அமைந்துள்ளன.

இங்குப் படைப்பு ஒன்று. டயமண்ட் ஹெட் பாடியது, மெட்டாலிக்கா பாடியது என ஒலிப்பதிவுகள் இரண்டு. மெட்டாலிக்காவின் பதிவைத் தாங்கிய வெளியீடுகளோ பல. எத்தனை திரட்டுகளில் சேர்ந்தாலும் ஒலிப்பதிவின் குறி மாறுதல் கூடாது. ஒவ்வொரு திரட்டின் பட்டைக் குறியீடும் மாற வேண்டும். இவ்விரு விதிகளையும் மாற்றிப் புரிந்துகொள்வதே குழப்பங்களுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

தமிழ் மரபிலிருந்தும் இதனை விளக்க முடியும். விருதுநகர் மாவட்டத்தில் குண்டாற்றின் கரையிலுள்ள திருச்சுழி, சுந்தரரால் பாடப்பெற்ற தலம். அத்தலத்தின் பதிகம் ஏழாம் திருமுறையில் அடங்கியுள்ளது. திருமுறையும் பதிக எண்ணும் ஒரு படைப்பைச் சுட்டுகின்றன. அதனை ஓதுவார் ஒருவர் பாடிய பதிவு வேறு. மற்றோர் ஓதுவார் பாடிய பதிவு வேறு. அப்பதிவு சேர்க்கப்பட்ட இறுவட்டு இன்னும் வேறு. திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த ரமண மகரிசி இயற்றிய 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலைக்கும் இது பொருந்தும். அதைப் பலர் பாடிப் பதிவு செய்துள்ளனர். 1950இல் ரமணர் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும் பதிப்புரிமை 2010 இறுதியுடன் அப்படைப்புக்கு முடிவுற்றது. ஆனால் அண்மையில் பாடிப் பதிவு செய்யப்பட்ட ஒலிக்குத் தனி உரிமை உண்டு. படைப்பையும் பதிவையும் வேறுபடுத்தி எண்ணிடுவதன் தேவை இதனால் விளங்கும்.

இந்தியாவில்

இந்தியாவில் பட்டைக் குறியீட்டு எண்களை வழங்கும் அமைப்பு, மைய அரசின் வணிக அமைச்சகத்தின் ஆதரவுடன் 1996இல் தொடங்கப்பட்டது. அது தற்போது ஜி.எஸ்.1 இந்தியா எனப்படுகிறது. ஒலிப்பதிவுக் குறிகளை இந்திய இசைத் தொழிலகம் (ஐ.எம்.ஐ.) என்னும் அமைப்பு வழங்குகிறது. இந்தியப் பதிவுகளின் குறிகள் வழக்கமாக ஐ.என். என்னும் இரண்டு எழுத்துகளுடன் தொடங்கும்.

இந்திய ராக் இசையின் தொடக்ககாலத் திரட்டுகளுள் 1970, 1971 ஆகிய ஆண்டுகளுக்குரிய 'சிம்லா பீட்' நீளிசைத்தட்டுகள் பெயர்பெற்றவை. இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் சிகரெட் வகையொன்றின் பெயரில் நடத்திய போட்டியில் பங்கேற்ற, நாட்டின் பல நகரங்களைச் சேர்ந்த குழுக்களின் பாடல்கள் அவற்றில் இடம்பெற்றன. பட்டைக் குறியீடு உலகில் எங்கும் புழக்கத்திற்கு வருமுன் வெளியானவை ஆதலால் அவற்றின் மூலத் தட்டுகளில் அது இல்லை. பிற்காலத்தில் மேல்நாட்டில் மறுவெளியீடு பெற்றபின்னரே அப்பாடல்கள் உலகெங்கும் உள்ள இசை ஆர்வலர்களை எட்டின.

1993இல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்னும் இதழ், 1990களின் பிற்பகுதியில் 'கிரேட் இந்தியன் ராக்' என்னும் விழாவையும் அதே பெயரில் திரட்டுத் தொகுப்புகளையும் வெளிக்கொணர்ந்தது. திரைப்பட இசையை மையமாகக் கொண்ட சந்தையில், சொந்தப் பாடல்களைப் பாடிய ராக், மெட்டல் குழுக்களுக்கு இத்தகைய திரட்டுகள் முதல் வாயிலாக அமைந்தன. தனித் தொகுப்பு வெளியிட வசதியற்ற குழுவின் ஒரே ஒரு பாடல் திரட்டில் மட்டும் எஞ்சியிருப்பது உண்டு. அவ்வாறான நிலையில் அத்திரட்டின் எண்ணே அக்குழுவைத் தேடிக் கண்டடைய உதவும் வழியாகிறது.

1984இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 52ஏ பிரிவு, ஒலிப்பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியிட்ட ஆண்டும் உறையில் இடம்பெற வேண்டும் என்கிறது. பட்டைக் குறியீட்டை அப்பிரிவு கோரவில்லை. எனவே குறியீடு சட்டத்தால் வந்த கட்டாயம் அன்று. வணிகத்தால் வந்த தேவையாகும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமும் எண்ணற்ற திரட்டுகளும்

மதுரைக்குத் தெற்கே அமைந்த அருப்புக்கோட்டையும் அதன் கிழக்கேயுள்ள திருச்சுழியும் வானம் பார்த்த கரிசல் நிலப்பகுதிகள். பருத்தி, சிறுதானியம், மிளகாய் ஆகியவற்றுடன் நெசவும் இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரம். இத்தகைய சிற்றூர்ப் பகுதிகளுக்கு ஒலிப்பதிவு இசை பரவலாக வந்து சேர்ந்தது 1980களின் ஒலிநாடா வழியாகவே.

அக்காலத்துத் தமிழகச் சிறுநகரங்களில் ஒலிப்பதிவு நிலையங்கள் (ரெக்கார்டிங் சென்டர்) இருந்தன. வாடிக்கையாளர் விரும்பும் பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்று ஒலிநாடாவில் பதிவு செய்து தருவர். 60 நிமிட நாடாவில் சுமார் பன்னிரண்டு பாடல்களும், 90 நிமிட நாடாவில் அதற்கு மேலும் அடங்கும். அந்த நாடாக்கள் ஒவ்வொன்றும் ஒரு திரட்டுத் தொகுப்பே. ஆனால் அவற்றுக்குப் பட்டியல் எண்ணோ, பட்டைக் குறியீடோ கிடையாது. வெற்று நாடாவின் உறையில் குறியீடு அச்சிடப்பட்டிருந்தால், அது நாடா செய்த நிறுவனத்தின் பொருளைச் சுட்டியதே அன்றிப் பாடலைச் சுட்டவில்லை. சட்டப்படி உரிமையற்ற இவ்வகைப் படிகளால் பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் வருவாய் கிட்டவில்லை. அதேவேளையில் பலருக்கு இசை அறிமுகமானது இவ்வழியாகவே என்பதும் உண்மை.

இதைவிடப் பெரிய இழப்பு நாட்டுப்புறக் கலைகளின் பக்கம் நேர்ந்தது. கும்மி, ஒயிலாட்டப் பாட்டு, தேவராட்டத்தின் உறுமி இசை, வில்லுப்பாட்டு, ஒப்பாரி முதலியன கோயில் கொடைகளிலும் ஊர்த் திருவிழாக்களிலும் நாடாவில் பதிவு செய்யப்பட்டு, ஒலிபெருக்கி (மைக்செட்) வைத்திருப்போரிடையே கைமாறின. பாடியவர் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதப்படாத நாடா படியெடுக்கப்படும்போது, அப்பாடல் எவருடையது எனக் கூறச் சான்று எஞ்சுவதில்லை. அத்தகைய பதிவு பின்னர் ஒரு வணிகத் திரட்டில் சேர்க்கப்பட்டால், அத்திரட்டுக்கு முறையான பட்டைக் குறியீடு இருக்கும். பாடியவருக்கோ எதுவும் இராது. பொருளுக்கு எண் இருப்பதும் கலைஞருக்கு அடையாளம் இருப்பதும் வேறு வேறு என்பதை இது காட்டுகிறது.

மின்வழி வெளியீட்டில்

ஆர்.பி.ஜி. குழுமத்தின் மியூசிக் வேர்ல்டு போன்ற, கணினிக் கல்லா கொண்ட பெரிய இசைக்கடைகள் 1990களின் பிற்பகுதியில் இந்திய நகரங்களில் பெருகின. மியூசிக் வேர்ல்டு 2013இல் மூடப்பட்டது. இன்று பெரும்பாலான இசை இணையவழி ஒலியோட்டச் சேவைகளில் கேட்கப்படுகிறது. அங்கே வருடி இல்லை. ஆயினும் பட்டைக் குறியீட்டு எண் மறையவில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு யு.பி.சி. அல்லது இ.ஏ.என். எண்ணும், ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் ஐ.எஸ்.ஆர்.சி. குறியும் இருந்தால்தான் விநியோக நிறுவனங்கள் அதனைச் சேவைகளில் ஏற்றும். தனி எண் இல்லாத கலைஞர்களுக்கு விநியோகிப்பாளர்களே அவற்றை ஒதுக்கித் தருவது வழக்கம்.

எடுத்துக்காட்டாக, கரிசல் வட்டாரக் குழு ஒன்று பத்துப் பாடல்களை வெளியிடுவதாகக் கொண்டால்:

* பத்துப் பாடல்களுக்கும் பத்து ஒலிப்பதிவுக் குறிகள் தேவை.
* மின்வழி வெளியீட்டுக்கு ஒரு பட்டைக் குறியீட்டு எண் தேவை.
* அதையே இறுவட்டாகவும் விற்றால் இறுவட்டுக்கு வேறோர் எண் தேவை.
* அவற்றுள் மூன்று பாடல்கள் பின்னர் ஒரு மாநிலத் திரட்டில் சேர்ந்தால், திரட்டுக்குப் புதிய பட்டைக் குறியீடு இடப்படும். அம்மூன்று பாடல்களின் ஒலிப்பதிவுக் குறிகள் பழையனவாகவே இருத்தல் வேண்டும்.
* ஒரு பாடலை மீண்டும் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் அதற்குப் புதிய ஒலிப்பதிவுக் குறி உரியது.

நான்காவதாகக் கூறியது தவறினால், அதே பதிவு இரண்டு வெவ்வேறு பதிவுகளாகக் கணக்கிடப்படும். கேட்கப்பட்ட எண்ணிக்கை இரண்டாகப் பிளவுபடும். திரட்டின் வழி வரும் உரிமத்தொகை குழுவின் கணக்கில் சேராமல் போகவும் கூடும். 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், வணிக நோக்கில் பயன்படுத்தப்படும் நிகழ்த்துகைக்கு உரிமத்தொகை பெறும் உரிமையைக் கலைஞர்களுக்கு வழங்கியுள்ளது. அவ்வுரிமையைக் கணக்காக்கிக் கையில் சேர்ப்பதற்குச் சரியான குறிகள் துணை செய்கின்றன.

தவறான புரிதல்கள்

* 890 எனத் தொடங்கும் பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்று பரவலாக நம்பப்படுகிறது. எண் இந்திய அமைப்பிடம் பெறப்பட்டது என்பதையே அது உணர்த்தும். செய்யப்பட்ட இடத்தை அன்று. மெட்டாலிக்காவின் ஐரோப்பியப் பதிப்பு அமெரிக்க வகை 12 இலக்க எண்ணையே தாங்கியிருந்தது.
* பட்டைக் குறியீடு விலையைத் தாங்கியிருப்பதில்லை. கடையின் கணினியே எண்ணைக் கொண்டு விலையைத் தேடிக் காட்டுகிறது.
* குறியீடு பெற்றிருப்பது பதிப்புரிமைக்குச் சான்று ஆகாது. உரிமையற்ற படிகளிலும் மூலப் பதிப்பின் கோடுகள் அப்படியே அச்சிடப்படுவது உண்டு.
* இடைத்தரகர்களிடம் ஒற்றை எண் வாங்கினால் அது வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கக் கூடும்.
* விற்பனை நின்றுபோன தொகுப்பின் எண்ணைப் புதிய தொகுப்புக்கு இடலாம் என்பது தவறு. பயன்படுத்திய எண்ணை மறுபடி ஒதுக்கக் கூடாது என்னும் ஜி.எஸ்.1 விதி 2019 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆவணப்படுத்தலில் பயன்

டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெயின்சு போன்ற இணையத் தரவுத்தளங்களில் ஒரே தொகுப்பின் பல பதிப்புகளைப் பிரித்தறியப் பட்டைக் குறியீடும் பட்டியல் எண்ணும் பயன்படுகின்றன. குறியீடு இல்லாத பழைய தட்டுகளுக்கும் நாடாக்களுக்கும் பட்டியல் எண், தட்டின் உள்விளிம்பில் பொறித்த எண், உறையிலுள்ள ஆண்டு, தயாரிப்பாளர் முகவரி ஆகியன அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. இவை எவையும் அற்ற நாடாவாயின், பாடியவர், ஊர், பதிவு செய்த நிகழ்வு, ஆண்டு ஆகியவற்றை அறிந்தவர் உள்ளபோதே எழுதிவைத்தல் அவசியம். எண்ணைப் பின்னரும் பெறலாம். பெயரை அறிந்தவர் மறைந்துவிட்டால் அதனை மீட்க எந்த எண்ணாலும் இயலாது.

இவற்றையும் பார்க்க

* ஒலிநாடா
* இறுவட்டு
* ராக் இசை
* பதிப்புரிமை
* திருச்சுழி
* அருப்புக்கோட்டை